சிஸ்டருக்கு இருபது நிமிடம்



சாயங்காலம் நாலு மணி ஆனால் நம் ஊர் பேக்கரிகளில் பப்ஸ் சூடாக வந்து இறங்கும். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறோம், நாமும் ஒன்று சாப்பிடுகிறோம். அந்த மொறுமொறுப்புக்கு என்ன கொழுப்பு போடுகிறார்கள் என்று எப்போதாவது கேட்டிருக்கிறோமா?

வனஸ்பதியில் டிரான்ஸ் ஃபேட் என்று ஒன்று உண்டு. எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உண்டாகிற கொழுப்பு. இதயத்துக்குக் கெடுதல். எண்ணெயிலும் வனஸ்பதியிலும் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்த விதி 2022 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதற்கு முன்பு வரம்பு இதைவிடத் தளர்வு.

அது கெடுதல் என்று உலகத்துக்கு எப்படித் தெரிந்தது? பல நாடுகளில் பல பேர் பாடுபட்டார்கள். அவர்களில் ஒரு கூட்டத்தை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. அமெரிக்காவில் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து, தபாலில் வந்த படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு, வாரத்துக்கு எத்தனை முறை என்ன சாப்பிடுகிறேன் என்று பென்சிலும் பேனாவுமாக நிரப்பிய நர்ஸுகள். 1980-ல் அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் சுமார் 85,000 பேரை எட்டு வருடம் கவனித்து, டிரான்ஸ் ஃபேட் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வந்திருக்கிறது என்று 1993-ல் ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

நம் உடம்பைப் பார்த்துக்கொள்கிற நர்ஸின் உடம்பை வருடக்கணக்காகக் கவனித்து எழுதி வைக்கிற இந்த மாதிரி ஆய்வுகளைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச ஆசை. இதில் நமக்கு என்ன வேலை என்று நினைக்காதீர்கள். தேனி மாவட்டத்தில் நர்ஸ் இல்லாத தெரு எது? உங்கள் வீட்டு மருமகளோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ, சித்தி மகளோ, யாரோ ஒருத்தி வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு க.விலக்கு ஆஸ்பத்திரி பஸ்ஸுக்கு நிற்கத்தான் செய்கிறாள்.

அமெரிக்கக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1976. கருத்தடை மாத்திரை வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கோடிக்கணக்கான பெண்கள் சாப்பிடுகிறார்கள். பத்து, இருபது வருடம் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. ஹார்வர்டைச் சேர்ந்த டாக்டர் ஃபிராங்க் ஸ்பைசர் இதைக் கண்டுபிடிக்க நினைத்தார். யாரிடம் கேட்பது? நர்ஸுகளிடம் கேட்டார். காரணம் எளிது. பிரஷர், கட்டி, பயாப்ஸி என்றெல்லாம் கேட்டால் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. சரியாக எழுதுவார்கள். ஆய்வின் அருமை தெரியும், பாதியில் விட மாட்டார்கள். லைசென்ஸ் பதிவேட்டில் பெயரும் முகவரியும் இருக்கும்.

11 மாநிலங்களில் 30 முதல் 55 வயது வரையிலான கல்யாணமான நர்ஸுகளுக்குப் படிவம் போனது. 1,21,700 பேர் நிரப்பி அனுப்பினார்கள். ஏன் கல்யாணமானவர்கள் மட்டும்? கருத்தடையைப் பற்றிக் கல்யாணமாகாத பெண்ணிடம் கேட்பதற்கு அந்தக் காலத்து அமெரிக்காவும் கூச்சப்பட்டது. நம் ஊர் மட்டும்தான் அப்படி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

சேர்த்தது பெரிய காரியம்தான். அதைவிடப் பெரியது, அவர்களை விடாமல் வைத்துக்கொண்டது. இரண்டு வருடத்துக்கு ஒரு படிவம். பதில் வரவில்லையா? மறுபடி அனுப்பு. அதற்கும் வரவில்லையா? கேள்விகளைக் குறைத்துச் சின்னப் படிவமாக அனுப்பு. பல வருடங்கள் கழித்தும் ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 90 சதவீதம் பேர் பதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். இதற்காக அவர்களுக்குச் சம்பளம் எதுவும் கிடையாது.

1980-களின் தொடக்கத்தில் இன்னொரு கோரிக்கை போனது: கால்விரல் நகத்தை வெட்டிக் கவரில் போட்டு அனுப்புங்கள். உடம்பில் செலினியம் மாதிரி தாதுக்கள் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்று நகத்தில் தெரியுமாம். அறுபதாயிரம் பேருக்கு மேல் அனுப்பினார்கள். நம் வீட்டில் மருமகள் கால் நகத்தை வெட்டிக் கவரில் ஒட்டினால் மாமியார் என்ன நினைப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். செய்வினை என்றே முடிவுகட்டி, கோடாங்கியைக் கூப்பிட்டு விடுவார்!

1989-90-ல் ரத்தமே கேட்டார்கள். வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஊசி, ட்யூப், ஐஸ் பேக். கூட வேலை பார்க்கிற தோழியிடம் கையை நீட்டி ரத்தம் எடுக்கச் சொல்லி, ஐஸோடு வைத்து மூடி, ராத்திரியோடு ராத்திரியாக கூரியரில் அனுப்பி வைத்தார்கள். அப்படி அனுப்பியவர்கள் 32,000 பேருக்கு மேல். மருத்துவமனைக்கு வரச் சொல்லியிருந்தால் இத்தனை பேர் வந்திருப்பார்களா?

இதற்கிடையில், 1989-ல், இளம் நர்ஸுகளைச் சேர்த்து இரண்டாவது ஆய்வு தொடங்கியிருந்தார்கள். 1996-ல் அந்த நர்ஸுகளிடமே உங்கள் பிள்ளைகளையும் சேர்க்கலாமா என்று கேட்டார்கள். 9 முதல் 14 வயது வரை, 16,000-க்கு மேற்பட்ட பிள்ளைகள் சேர்ந்தார்கள். தான் ஏமாற்றப்படவில்லை என்ற நிச்சயம் இல்லாமல் எந்தத் தாய் பிள்ளையைக் கொடுப்பாள்?

குறையையும் சொல்லத்தான் வேண்டும். மாதவிலக்கு நின்ற பிறகு ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்டால் இதயத்துக்கு நல்லது என்கிற மாதிரி இந்த நர்ஸுகளின் கணக்கு காட்டியது. டாக்டர்களும் எழுதிக் கொடுத்தார்கள். 2002-ல் வேறொரு பெரிய பரிசோதனை அதைப் புரட்டிப் போட்டது. கேட்டு எழுதுகிற ஆய்வு எல்லாவற்றையும் தீர்மானித்துவிடாது. இன்னொன்று, முதல் ஆய்வில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர்கள். அவர்கள் தட்டில் இட்லியும் இல்லை, கத்திரிக்காய் புளிக்குழம்பும் இல்லை. மதியம் அரிசிச் சோறு, ராத்திரி டியூட்டி, இரண்டு பிள்ளை, கூட்டுக் குடும்பம் என்று வாழ்கிற உத்தமபாளையத்துப் பெண்ணுக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று அந்தக் கணக்கை வைத்து எப்படிச் சொல்வது?

நம் பக்கத்தில் யாரும் செய்யவில்லையா? வேலூரில் செய்தார்கள். இந்தக் கதை நம் வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. 2007. காசநோயாளிகள் பக்கத்தில் அதிக நேரம் நிற்பது நர்ஸிங் மாணவிகள்தான். அவர்களுக்கு எவ்வளவு தொற்று ஏறுகிறது? 535 மாணவ மாணவியர். சம்மதித்தவர்கள் 468. பரிசோதனையை முழுதாக முடித்தவர்கள் 436. இங்கேயே எண்ணிக்கை கொஞ்சம் கரைகிறது, கவனித்தீர்களா?

அந்தப் பரிசோதனை ஒரே நாளில் முடிகிறதும் இல்லை. முன்கையில் தோலுக்குள்ளேயே ஒரு சொட்டு மருந்து ஊசி. கொசு கடித்த மாதிரி மேடாக நிற்கும். தேய்க்கக் கூடாது. இரண்டு மூன்று நாள் கழித்து வந்து கையைக் காட்ட வேண்டும். சிவந்திருப்பதை விட்டுவிட்டு, விரலால் தடவிப் பார்த்துத் தடித்திருக்கிற இடத்தை மட்டும் மில்லிமீட்டரில் அளப்பார்கள். ஒன்றுமில்லை என்றால் சில நாள் விட்டு மறுபடி ஊசி, மறுபடி வந்து காட்டுவது. வகுப்பு, வார்டு, பரீட்சை எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பெண் இதற்காக எத்தனை முறை நடக்க வேண்டும் பாருங்கள்.

436 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஏற்கெனவே தொற்று இருந்தது. நோய் இருந்தது என்று அர்த்தமில்லை, கிருமி உள்ளே போய் அடங்கிக் கிடக்கிறது. தொற்று இல்லாதவர்கள் 217 பேர். ஒரு வருடம் கழித்து, 2008-ல், அந்த 217 பேரையும் திரும்பப் பார்க்க வேண்டும். 181 பேரைத்தான் முழுதாகப் பார்க்க முடிந்தது. அவர்களில் 14 பேருக்குப் புதிதாகத் தொற்று. வருடத்துக்கு 7.8 சதவீதம். நாட்டின் சராசரி அப்போது 1.5 சதவீதம் என்று கணக்கு. நோயாளியிடம் சளி வாங்கி வைக்கிற வேலையும், நுரையீரல் காசநோயாளிகளைக் கவனிக்கிற வேலையும் ஆபத்தானவை என்று தெரிந்தது.

அந்த 14 பேர் இல்லை என்றால் இந்த விஷயத்தை யார் நம்பியிருப்பார்கள்? "நர்ஸுன்னா அதெல்லாம் சகஜந்தானே" என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். மாஸ்க் எங்கே, ஜன்னலைத் திறந்து வை, சளியை வெளியே காற்றோட்டத்தில் எடு என்று கேட்பதற்கு இப்போது கையில் ஒரு எண் இருக்கிறது.

அதே நேரம் இந்த 217-க்கும் 181-க்கும் நடுவில் இருக்கிற 36-ஐப் பாருங்கள். ஒரே கல்லூரி, ஒரே ஊர், இடையில் ஒரே ஒரு வருடம். அப்போதே 36 பேர் கணக்கில் இல்லை. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு வருடத்துக்கே இப்படி என்றால் இருபது வருடத்துக்கு?

சின்னமனூர் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸ் தங்கை இருக்கிறாள். இப்படி ஓர் ஆய்வு வந்தால் நீ சேருவாயா என்று கேட்டேன். சிரித்தாள். "அக்கா, படிக்கும்போது ஃபாரம் கொடுத்தாக, எழுதிக் கொடுத்தேன். வேலைக்கு வந்த பிறகும் ரெண்டு தடவை. தூக்கம் எப்படி, முதுகு வலிக்குதா, மனசு பாரமா இருக்கான்னு பக்கம் பக்கமா. அப்புறம் அது என்னாச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை யாரும் சொல்லல. என் முதுகு வலி யாருக்கோ பட்டமாயிருச்சு, எனக்கு வலி மட்டும் மிச்சம்."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் சும்மா இருந்தேன்.

கேட்கிறவர்கள் மேலும் முழுத் தப்பு இல்லை. எம்.எஸ்சி. நர்ஸிங் படிக்கிற பெண்ணுக்கு ஒரு தீசிஸ் முடித்தாக வேண்டும். மூன்று மாதத்தில் ஐம்பது பேரைப் பிடித்து எழுதி வாங்குகிறாள். அவள் போன பிறகு அந்தத் தாளுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. நீண்ட கால ஆய்வு அப்படிப்பட்டதில்லை. போடியில் ஏலச்செடி வைத்தவர்களைக் கேளுங்கள், வைத்த வருடமே யாராவது காய் பறித்திருக்கிறார்களா? மூன்றாவது வருடம்தான் கண்ணில் காட்டும். அதுவரை நிழலும் ஈரமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆய்வில் அந்தப் பார்த்துக்கொள்கிற வேலைக்குத்தான் நம் ஊரில் பணமும் ஒதுக்குவதில்லை, ஆளும் போடுவதில்லை.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. இங்கே 'ஆராய்ச்சி' என்று சொன்னாலே பலருக்கு முதலில் ஞாபகம் வருவது பொட்டிபுரம். அந்த ஊர் மலையில் நியூட்ரினோ ஆய்வகம் வேண்டும், வேண்டாம் என்று நடந்த வாதத்துக்குள் நான் இப்போது போகவில்லை. ஆனால் எங்கள் மலையைப் பற்றி எல்லோருக்கும் சொல்லிவிட்டு எங்களுக்குக் கடைசியில்தான் சொன்னார்கள் என்ற மனத்தாங்கலை அந்தப் பக்கத்தில் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். மலைக்கே அப்படி என்றால், ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிக் கேட்க வருகிறவர் எவ்வளவு முன்கூட்டி, எவ்வளவு பொறுமையாகச் சொல்ல வேண்டும்?

சரி, இங்கே ஒரு நர்ஸை இருபது வருடம் பின்தொடர்வது எப்படி இருக்கும்? கற்பனை செய்து பாருங்கள். இருபத்திரண்டு வயதில் படிப்பை முடிக்கிறாள். முதல் வேலை மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. அப்புறம் குமுளி தாண்டிக் கட்டப்பனைப் பக்கம். அரசு வேலை கிடைத்தால் ராமநாதபுரமோ திருவண்ணாமலையோ. நடுவில் கல்யாணம். அப்பா பெயரின் இனிஷியல் போய்க் கணவர் பெயர் பின்னால் வருகிறது. ஆஃபர் நன்றாக இருக்கிறது என்று சிம் மாறுகிறது. அதிர்ஷ்டமும் ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண்ணும் இருந்தால் துபாய், லண்டன். எந்த முகவரிக்குக் கடிதம் போடுவது?

இதற்கு வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். நர்ஸாக வேலை பார்க்க மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்தாக வேண்டும். இந்திய நர்ஸிங் கவுன்சிலும் நாடு முழுக்க ஒரே பதிவு எண் கொடுக்கிற முறையைக் கொண்டுவந்திருக்கிறது. பெயர் மாறினாலும் ஊர் மாறினாலும் அந்த எண் மாறாது. அதோடு, ஆய்வில் சேரும்போதே "உங்களைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் யாரைக் கேட்கலாம்?" என்று இரண்டு பேரின் விவரம் வாங்கி வைப்பது பழைய உபாயம். நம் ஊரில் அதற்கு அம்மா வீட்டு எண்ணைவிட நம்பகமானது எது? மகள் எந்தத் தேசத்துக்குப் போனாலும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் வராமல் இருக்குமா?

பணத்தைப் பற்றியும் பேசிவிடுவோம். 2015-ல் தேர்வு எழுதி அரசு மருத்துவமனைகளில் தொகுப்பூதியத்தில் சேர்ந்த நர்ஸுகளுக்கு மாதம் 7,700 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். பிறகு சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. ஆனால் நாளைக்கு இந்த வேலை இருக்குமா என்று தெரியாத பெண்ணிடம் போய், இருபது வருடம் எங்களோடு இருங்கள் என்று கேட்பதில் ஒரு கூச்சம் இருக்க வேண்டாமா? அவள் எழுதுகிற ஒவ்வொரு பதிலையும் மேலதிகாரி பார்ப்பாரோ, "டியூட்டி அதிகம்" என்று எழுதினால் டிரான்ஸ்ஃபர் வருமோ என்று யோசிக்கத்தானே செய்வாள்?

அதனால்தான் மேட்ரன் மூலமாகப் படிவம் கொடுத்து, மேட்ரனே திரும்ப வாங்கி வைக்கிற வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. மேட்ரன் நல்லவராகவே இருக்கட்டும். மறுப்பதற்கு அங்கே இடம் எங்கே? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள், மாணவர்களையும் ஊழியர்களையும் இப்படி மேலிடத்துக்கு அஞ்சி ஒத்துக்கொள்ளக்கூடியவர்கள் என்று கணக்கில் எடுத்து, அவர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்கின்றன. எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம், அதனால் வேலைக்கோ சிகிச்சைக்கோ பங்கம் வராது என்பதும் உரிமை. நர்ஸ் வாசகியரே, கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்களுக்கான பிரதியைக் கேட்டு வாங்கிப் பீரோவில் வையுங்கள். தர யோசித்தால் நீங்களும் யோசியுங்கள்.

இப்போது நம் வீட்டுக்குள் வருவோம். எனக்கு இதில்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

நைட் டியூட்டி முடிந்து, கேஸ் ஷீட் எழுதி, ஹேண்டோவர் கொடுத்து, பஸ் பிடித்து ஒன்பது மணிக்கு வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள். உள்ளே பாத்திரம் காத்திருக்கிறது. "ராத்திரி உட்கார்ந்துட்டுதானே இருந்திருப்ப" என்று சொல்ல ஒரு வாய் எல்லா வீட்டிலும் உண்டு. சின்னவனுக்குக் காய்ச்சல், ஸ்கூலுக்கு லீவு. பதினொரு மணிக்குத் தலையைச் சாய்த்தால் ஒரு மணிக்குக் கேஸ் சிலிண்டர் வருகிறது. இந்தப் பெண்ணின் போனுக்கு ஒரு லிங்க் வருகிறது: "இருபது நிமிடம் ஒதுக்கிப் பதில் தாருங்கள்." எந்த இருபது நிமிடம்?

அந்த போனும் அவளுடையது மட்டுமா? பிள்ளை கேம் விளையாடுகிறான். கணவர் யூடியூப் பார்க்கிறார். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கரு கலைந்திருக்கிறதா, தூக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, மனம் வெறுத்துப்போனது உண்டா என்கிற கேள்விகள் அந்தத் திரையில் விரிந்து கிடக்கின்றன. யார் பார்ப்பார்கள் என்று தெரியாமல் அவள் எப்படி உண்மையை எழுதுவாள்? 'இல்லை', 'இல்லை', 'இல்லை' என்று வரிசையாகத் தட்டிவிட்டு முடித்துவிடுவாள். படிவம் நிரம்பிவிடும், ஆய்வு பொய்யாகிவிடும். பாதியில் விலகிப் போகிறவளைவிட இப்படிக் கூடவே இருந்து பொய்யாகத் தட்டுகிறவள்தான் ஆய்வுக்கு அதிக நஷ்டம். அவள் மேல் குற்றமும் இல்லை.

கணவன்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மனைவி ஆய்வில் சேருகிறாள் என்றால் வீட்டு ரகசியத்தை வெளியே கொட்டப் போகிறாள் என்று அர்த்தமில்லை. பெயரைத் தனியாகவும் பதிலைத் தனியாகவும் பிரித்து, எண்ணாக மாற்றித்தான் வைக்க வேண்டும், அதுதான் முறை. "என்ன கேட்டாங்க, என்ன எழுதுன?" என்று கேட்காமல் இருங்கள். அந்த நேரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு நடை தெருவுக்குப் போய்வாருங்கள். இதற்குமேல் ஒரு உபகாரம் தேவையில்லை.

மாமியார்களுக்கும் ஒரு சொல். உங்களுக்குச் சர்க்கரை என்றதும் எந்த டாக்டர், எந்த மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று யாரைக் கேட்டீர்கள்? அவளைத்தானே? அவள் முதுகையும் யாராவது கேட்க வேண்டாமா?

கேட்டதால் கிடைத்த பலனுக்கு நர்ஸுகளிடமிருந்தே ஓர் உதாரணம். மாறி மாறி ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பது உடம்பை என்ன செய்கிறது என்று அமெரிக்க நர்ஸுகளின் பல வருடப் பதில்களை வைத்துப் பார்த்தார்கள். 30 வருடமும் அதற்கு மேலும் அப்படி வேலை பார்த்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஓரளவு கூடுதலாக வந்திருக்கிறது என்று 2001-ல் ஒரு கட்டுரை வந்தது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாமே ஒரே மாதிரி சொல்லவில்லை. ஆனாலும் 2007-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, ராத்திரி ஷிஃப்ட் வேலையை 'அநேகமாகப் புற்றுநோய் வரவழைக்கக்கூடும்' என்ற பட்டியலில் சேர்த்தது. இன்று டியூட்டி சார்ட் போடுகிற இடத்தில் ஒரு நர்ஸ் வாயைத் திறந்து பேச முடிகிறது என்றால், முன்பே பதில் எழுதி வைத்த நர்ஸுகளும் அதற்கு ஒரு காரணம்.

நம் பள்ளத்தாக்குக்கென்றே சில கேள்விகள் இருக்கின்றன. அமெரிக்கப் படிவத்தில் அவற்றைத் தேடினால் கிடைக்காது. கம்பத்திலும் கூடலூரிலும் திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடித்துவிட்டு வருகிற கணவரின் சட்டையை யார் துவைக்கிறார்கள்? வெறுங்கையாலா, மற்ற துணியோடு சேர்த்தா? மருந்து டப்பா எங்கே வைத்திருக்கிறது, சமையல்கட்டுப் பக்கமா? நர்ஸ் என்பதால் மருந்தின் பெயரையும் தேதியையும் சரியாக எழுதுவாள். தலைசுற்றலையும் தலைவலியையும் பிரித்துச் சொல்வாள். தோட்டத்து வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு, மருத்துவ அறிவோடு, பத்து வருடம் குறிப்பெழுதக் கூடிய ஆள் இவளைவிட வேறு யார் கிடைப்பார்கள்? இவளுக்காக மட்டும் கேட்கிற கேள்வி இல்லை இது. பக்கத்துத் தோட்டத்தில் கூலிக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

நம்மால் வருடக்கணக்கில் இழுத்துப் பிடிக்க முடியாது என்று சொல்பவர்களுக்குச் செங்கல்பட்டைக் காட்டுவேன். பி.சி.ஜி. தடுப்பூசி உண்மையில் எவ்வளவு காக்கிறது என்று பார்க்க 1968-ல் அந்த மாவட்டத்தில் ஆய்வு தொடங்கினார்கள். மூன்றரை லட்சம் பேருக்கு மேல் பதிவு. இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார்கள். 15 வருடம். வந்த முடிவு யாருக்கும் இனிக்கவில்லை: பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. இனிக்காத முடிவையும் மறைக்காமல் வெளியிட்டார்கள். செல்போனும் ஆதாரும் இல்லாத காலத்தில் செய்த வேலை அது.

ஆகவே, கேட்க வருகிறவர்களுக்கும் நம் கணக்கைச் சொல்லிவிடுவோம். தமிழில் கேளுங்கள், நர்ஸ்தானே இங்கிலீஷ் புரியும் என்று இருந்துவிடாதீர்கள். நைட் ஆஃப் அன்று கூப்பிடாதீர்கள். ரத்தம் எடுத்தால் அவளுடைய ரிசல்ட்டை அவளிடம் கொடுங்கள். ஏதாவது கோளாறு தெரிந்தால் அடுத்து எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டுங்கள். இரண்டு பக்கமாவது அச்சடித்து வருடத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள்: நீங்கள் சொன்னதிலிருந்து இதைத் தெரிந்துகொண்டோம், இதை இன்னும் தெரிந்துகொள்ளவில்லை என்று. ஆய்வை நடத்துகிறவர் மாறிப் போனால் புதியவர் யார் என்று சொல்லுங்கள். சின்னமனூர்த் தங்கை எதிர்பார்த்தது அந்த ஒரு வார்த்தைதானே?

ஒரு விஷயத்தில் எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை. பங்கெடுப்பவர்களுக்குப் பணம் கொடுப்பதா வேண்டாமா? பஸ் செலவும் போன நேரத்துக்கு ஈடும் கொடுப்பது நியாயம். அதுவே பெரிய தொகையாகிவிட்டால், தொகுப்பூதியத்தில் இருக்கிறவள் விருப்பமில்லாமலும் தலையாட்டுவாள். கொடுக்கவே கொடுக்காவிட்டால், பெண்கள் வேலை என்றால் இனாம்தான் என்ற பழைய பழக்கம்தான் தொடரும். இதில் உங்கள் அபிப்பிராயம் என்ன?

அதோடு இன்னொன்றும் எழுதுங்கள். நீங்கள் நர்ஸாக இருந்தால், கிராம சுகாதார செவிலியராக இருந்தால், ஓய்வு பெற்றவராக இருந்தாலும் சரி, உங்களைப் பற்றி ஓர் ஆய்வு வந்தால் அதில் முதல் கேள்வியாக எது இருக்க வேண்டும்? இதுவரை உங்களிடம் யாரும் கேட்காத கேள்வி எது? ஒரு போஸ்ட்கார்டு போதும். பெயரோ மருத்துவமனையோ எழுத வேண்டாம், வயதும் எத்தனை வருட சர்வீஸ் என்பதும் மட்டும் போதும். வந்தவற்றை அடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம். மொத்தமாகத் தொகுத்து, தேனி அரசு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறைக்கும் ஒரு பிரதி அனுப்பி வைக்கிறோம். அங்கிருந்து பதில் வந்தால் அதையும் இதே பக்கத்தில் போடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்